காருக்கு கேஸ் போடுவதன் சரித்திரம்

சித்திரை பிறந்தால் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் இருக்கும் கார் ஏ.சி. கடைகளுக்கு நல்ல காலம். "கூலிங் பத்தலைங்க" என்று வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினால் பல இடங்களில் ஒரே பதில்தான்: "கேஸ் கம்மி சார், போட்டுடலாம்."

காமர்ஸ் படிக்கிறவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்காதீங்க. பெட்ரோல் எரிந்து தீர்கிறது, சரி. ஏ.சி. கேஸ் எரிவதில்லை. மூடிய குழாய்க்குள் திரவமாகவும் வாயுவாகவும் மாறி மாறிச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அப்படியானால் குறைந்த கேஸ் எங்கே போனது? இதைத் தேடப் போனால் கிட்டத்தட்ட நூறு வருடக் கதை கிடைக்கிறது.

1920களில் குளிர்சாதனப் பெட்டிகளில் அம்மோனியா, சல்ஃபர் டைஆக்சைடு, மெத்தில் குளோரைடு போன்றவற்றைத்தான் பயன்படுத்தினார்கள். கசிந்தால் உயிருக்கே ஆபத்து. இதற்கு மாற்றாக 1928-ல் ஜெனரல் மோட்டார்ஸில் வேலை பார்த்த தாமஸ் மிட்ஜ்லி குழுவினர் கண்டுபிடித்ததுதான் ஃப்ரியான், அதாவது ஆர்-12. 1930-ல் அமெரிக்க வேதியியலாளர்கள் கூட்டத்தில் மிட்ஜ்லி அந்த வாயுவை மூச்சில் இழுத்து, ஊதி மெழுகுவர்த்தியை அணைத்துக் காட்டினார். விஷமும் இல்லை, தீயும் பிடிக்காது என்று நிரூபித்தாயிற்று! (பெட்ரோலில் ஈயம் கலக்கச் சொன்னவரும் இவரேதான். ராசியான மனிதர்.)

இந்த வாயுவால்தான் ஏ.சி. காருக்குள் வர முடிந்தது. பேக்கர்டு நிறுவனம் தன் 1940 மாடலில் அதைக் கொடுத்தது. டிக்கியில் பாதி இடம் போய்விடும். கம்ப்ரஸருக்கு கிளட்ச் கிடையாது. ஏ.சி. முழுதாக நிற்க வேண்டுமானால் வண்டியை ஓரம் கட்டி, பானெட்டைத் திறந்து பெல்ட்டைக் கழற்ற வேண்டும்.

இங்கேதான் நம் கேள்விக்குப் பாதி விடை இருக்கிறது. வீட்டு ஃப்ரிட்ஜில் மோட்டாரும் கம்ப்ரஸரும் ஒரே கூட்டுக்குள் வைத்து மூடப்பட்டிருக்கும், குழாய்களும் பற்றவைத்தவை. அதனால் பத்து இருபது வருடம்கூட கேஸ் அப்படியே இருக்கும். காரில் கம்ப்ரஸரைச் சுற்றுவது எஞ்சின் பெல்ட். எஞ்சின் ஆடும் என்பதால் ரப்பர் ஹோஸ் வேண்டும், சுழலும் தண்டுக்கு சீல் வேண்டும், மூட்டுக்கு மூட்டு ஓ-ரிங் வேண்டும். அதனால் மெதுவாகக் கொஞ்சம் கசிவது இந்த அமைப்பின் இயல்பு.

ஆர்-12 மலிவாகக் கிடைத்ததால் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அமெரிக்காவில் சின்ன டப்பா வாங்கி வீட்டு வாசலிலேயே ஏற்றிக்கொண்டார்கள். ரிப்பேர் என்றால் பழைய கேஸைக் காற்றில் திறந்துவிட்டார்கள். 1974-ல் மொலினா, ரோலண்ட் என்ற இரு விஞ்ஞானிகள், இந்த வாயு மேலே போய் ஓசோனை அழிக்கும் என்று எழுதினார்கள். 1985-ல் அண்டார்டிகா மேலே ஓட்டை இருப்பது தெரிய வந்தது. 1987-ல் மாண்ட்ரியல் ஒப்பந்தம்.

எங்கள் பாடத்துக்கு நெருக்கமான பகுதி இனிமேல்தான். 1990 முதல் அமெரிக்கா இந்த வாயுக்களுக்கு வரி போட்டது. விலை ஏறியதும் கடத்தல் தொடங்கியது! மயாமி துறைமுகம் வழியாக ஆர்-12 திருட்டுத்தனமாக உள்ளே வந்தது. 1990-ல் லண்டனில் கூடியபோது, பணக்கார நாடுகள் செய்த கெடுதலுக்கு ஏழை நாடுகள் ஏன் செலவு செய்ய வேண்டும் என்று இந்தியா வாதாடியது. அப்போது சுற்றுச்சூழல் அமைச்சர் மேனகா காந்தி. அந்தக் கூட்டத்தில் தனி நிதி ஒன்று உருவானது, 1992-ல் இந்தியா ஒப்பந்தத்தில் சேர்ந்தது. சி.எஃப்.சி. உற்பத்தியை மூட 1999-ல் 8.2 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது. அதைத் தயாரித்த நான்கு இந்திய நிறுவனங்களில் ஒன்று நம் மேட்டூரில் ஆலை வைத்திருந்த கெம்பிளாஸ்ட் சன்மார். ஆஸ்துமா இன்ஹேலர் தேவை நீங்கலாக, 2008 ஆகஸ்ட் 1-ல் உற்பத்தி நின்றது. கெடு 2010. அதற்கு 17 மாதம் முன்பே முடித்துவிட்டோம்!

ஆர்-12 இடத்துக்கு வந்தது ஆர்-134ஏ. ஓசோனை ஒன்றும் செய்யாது. ஆனால் பூமியைச் சூடாக்குவதில் ஒரு கிலோ 134ஏ, 1430 கிலோ கார்பன் டைஆக்சைடுக்குச் சமம். ஒரு கணக்குப் போடுவோம். சின்ன காரில் சுமார் அரை கிலோ கேஸ் இருக்கும். அது முழுதும் வெளியே போனால் 715 கிலோ. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ வரும். ஆக, 310 லிட்டர் பெட்ரோல் எரித்ததற்குச் சமம். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் என்றால் 4,650 கிலோமீட்டர். வானகரத்தில் இருந்து மதுரைக்கு ஐந்து முறை போய் வரலாம்.

அதனால்தான் ஐரோப்பாவில் 2017 முதல் புதிய கார்களில் 134ஏ கூடாது. 2016 கிகாலி உடன்பாட்டை இந்தியா 2021-ல் ஏற்றது. நம் குறைப்பு 2032-ல் தொடங்கி 2047-ல் 85 சதவீதத்தை எட்ட வேண்டும்.

எங்கள் தெருவில் டாக்ஸி ஓட்டும் அண்ணன் ஒருவர் மூன்று கோடையாக வருடா வருடம் கேஸ் போடுகிறார். ஒவ்வொரு முறையும் ஒரு நாள் சவாரி போகிறது, கேஸ் காசும் போகிறது. இயல்பான கசிவு இவ்வளவு வேகமாக இருக்காது. எங்கோ ஓட்டை இருக்கிறது, யாரும் தேடவில்லை, அவ்வளவுதான்.

வீட்டிலேயே செய்யக்கூடியது நிறைய உண்டு. கேபின் ஃபில்டர் அடைத்திருக்கிறதா, கண்டென்ஸரில் தூசி படிந்திருக்கிறதா, அதன் ஃபேன் சுற்றுகிறதா, ஏ.சி. போட்டதும் கம்ப்ரஸர் கிளட்ச் பிடிக்கிறதா என்று பாருங்கள். மூட்டுகளில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் கசிவு பெரும்பாலும் அங்கேதான். கேஸோடு சேர்ந்து எண்ணெயும் வெளியே வரும்.

டப்பா வாங்கி நாமே ஏற்றுவதுதான் யோசிக்க வேண்டிய விஷயம். அதில் வரும் மீட்டர் ஒரு பக்க அழுத்தத்தை மட்டும் காட்டும், உள்ளே எத்தனை கிராம் இருக்கிறது என்று சொல்லாது. அதிகமானாலும் கூலிங் குறையும், கம்ப்ரஸரும் கெடும். திரவம் கையில் பட்டால் தோல் உறைந்து புண்ணாகும். விலை குறைவு என்று சமையல் கேஸ் வகையறாவை ஏற்றுவது இன்னும் மோசம், அது தீப்பிடிக்கும்.

மெஷினில் பழைய கேஸை உறிஞ்சி எடுத்து, வேக்யூம் போட்டு, எடை பார்த்து ஏற்றும் கடைக்குப் போங்கள். "கேஸ் கம்மி" என்று சொன்னால் "எங்கே லீக்?" என்று திருப்பிக் கேளுங்கள். விடை வந்தபிறகு பர்ஸைத் திறந்தால் போதும்.