கெண்டைக்கால் தசைப்பிடிப்பு

கெண்டைக்கால் தசைப்பிடிப்பு என்பது முழங்காலுக்குக் கீழே காலின் பின்புறத்தில் உள்ள ஆடுசதை, ஒருவரின் விருப்பமின்றித் திடீரெனச் சுருங்கி இறுகிக் கடும் வலியைத் தரும் நிலை ஆகும். இது குரக்குவலி, சதைப்பிடிப்பு, கெண்டைக்கால் இழுப்பு ஆகிய பெயர்களாலும் அழைக்கப்படுகிறது. பேச்சு வழக்கில் "நரம்பு இழுத்துக்கொண்டது" என்பர். ஆயினும் இங்கே சுருங்குவது நரம்பு அன்று. நரம்பின் தூண்டலால் தசையே சுருங்குகிறது. பிடிப்பு சில நொடிகள் முதல் சில நிமிடங்கள் வரை நீடித்துத் தானாகவே விலகும். பிடித்த இடத்தில் ஓரிரு நாட்கள் வலி எஞ்சியிருக்கலாம்.

பெரும்பாலான பிடிப்புகள் தீங்கற்றவை. எனினும் தேனி மாவட்டத்தின் போடிநாயக்கனூரை ஒட்டி எழும் ஏலமலைச் சரிவுகள் போன்ற இடங்களில், செங்குத்தான பாதையில் ஏற்படும் பிடிப்பு ஒருவரை நிலை தடுமாறி விழச் செய்யக்கூடும். மேலும், பிடிப்பைப் போலவே தோன்றும் வேறு சில நோய்கள் உயிருக்கு ஆபத்தானவை. எனவே இவற்றைப் பிரித்தறிவது முதன்மையானது.

தசையின் அமைப்பு

கெண்டைக்காலில் இரண்டு பெரிய தசைகள் உள்ளன. மேலே புடைத்துத் தெரியும் தசை தொடை எலும்பின் அடிப்பகுதியில் இரு தலைகளாகத் தொடங்குகிறது. அதன் அடியில் தட்டையான மற்றொரு தசை உள்ளது. இரண்டும் கீழே ஒன்றிணைந்து குதிநாணாக மாறி, குதிகால் எலும்பில் பொருந்துகின்றன. குதிகாலை உயர்த்துவதும், நடக்கும்போது உடலை முன்னே தள்ளுவதும் இவற்றின் பணிகளாகும்.

மேல்தசை முழங்கால், கணுக்கால் ஆகிய இரண்டு மூட்டுகளையும் கடந்து செல்கிறது. ஆகவே முழங்கால் மடங்கி, பாதம் கீழ்நோக்கி நீண்டிருக்கும்போது இத்தசை மிகவும் குறுகிய நிலையை அடைகிறது. குறுகிய நிலையில் இருக்கும் தசை மேலும் சுருங்கத் தூண்டப்படும்போது பிடிப்பு எளிதில் தோன்றுகிறது. உறக்கத்தில் கனமான போர்வையின் அடியில் பாதம் நீண்டிருக்கும் வேளையில் கெண்டைக்கால் பிடித்துக்கொள்வதற்கு இதுவும் ஒரு காரணமாகக் கருதப்படுகிறது.

பிடிப்பு தோன்றும் விதம்

இதற்கு இரண்டு முதன்மையான விளக்கங்கள் தரப்படுகின்றன.

முதலாவது, நீரிழப்பு மற்றும் உப்பிழப்புக் கோட்பாடு. வியர்வையுடன் சோடியமும் குளோரைடும் வெளியேறுவதால், தசையைச் சூழ்ந்துள்ள நீர்மம் குறைந்து நரம்பு முனைகள் எளிதில் தூண்டப்படுகின்றன என்பது இதன் சாரம்.

இரண்டாவது, நரம்புத்தசைக் களைப்புக் கோட்பாடு. இதனைத் தென்னாப்பிரிக்க ஆய்வாளர் மார்ட்டின் ஷ்வெல்னஸ் 1997 ஆம் ஆண்டில் முன்வைத்தார். தசையினுள் உள்ள உணர்வு உறுப்புகள் தசையைச் சுருங்கத் தூண்டுகின்றன. தசைநாணில் உள்ள உணர்வு உறுப்புகள் மிகையான சுருக்கத்தைத் தடுக்கின்றன. களைப்புற்ற தசையில் தூண்டல் கூடித் தடுப்பு குறைவதால் தசை விடுபட முடியாமல் இறுகுகிறது. பிடித்த தசையை நீட்டினால் உடனே வலி தணிவதை இக்கோட்பாடு நன்கு விளக்குகிறது. நீட்டும்போது தசைநாண் இழுக்கப்பட்டு, தடுக்கும் குறிப்பு மீண்டும் தண்டுவடத்தைச் சென்றடைகிறது.

இவ்விரு காரணங்களும் சூழலுக்கு ஏற்பச் சேர்ந்தும் செயற்படலாம் என்று கருதப்படுகிறது.

ஏலமலைச் சரிவுகளில்

போடிநாயக்கனூர் மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில் அமைந்த நகரம் ஆகும். இது ஏலக்காய் வணிகத்தின் முக்கிய மையங்களுள் ஒன்று. இங்கிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட சாலை போடிமெட்டுக்கு ஏறிச் செல்கிறது. அடிவாரத்திற்கும் போடிமெட்டுக்கும் இடையே ஏறத்தாழ 1,000 மீட்டர் உயர வேறுபாடு உள்ளது. அதற்கு அப்பால் கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் ஏலத்தோட்டங்கள் பரந்துள்ளன. போடி, தேவாரம், கோம்பை, கம்பம் முதலிய ஊர்களிலிருந்து தொழிலாளர்கள் நாள்தோறும் ஜீப்புகளில் மலையேறி வேலை செய்து மாலையில் திரும்புகின்றனர். போடிக்கு வடமேற்கே குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷனுக்குச் செல்லும் மலைப்பாதையும் உள்ளது. 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மூணாறுத் தேயிலை டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடம் வழியாக இப்பகுதிக்கு இறக்கப்பட்டுப் போடிக்குக் கொண்டுவரப்பட்டது.

இப்பகுதியின் வேலையும் நிலமும் கால் தசைகளுக்குப் பல வகைகளில் சுமையாகின்றன.

ஏலச்செடியின் காய்கள் செடியின் உச்சியில் அல்லாமல், அடித்தூரிலிருந்து தரையோரமாகப் படரும் சரங்களில் காய்க்கின்றன. ஆகவே காய் எடுப்பவர் நாள் முழுவதும் குனிந்தோ குந்தியோ இருக்க வேண்டியுள்ளது. ஒரே செடியில் காய்கள் ஒரே நேரத்தில் முதிர்வதில்லை. இதனால் ஆடி மாதம் முதல் தை, மாசி வரை ஏறத்தாழ 30 முதல் 40 நாட்களுக்கு ஒருமுறை திரும்பத் திரும்பக் காய் எடுக்கப்படுகிறது. ஆண்டின் பாதிக்கு மேல் இவ்வுழைப்பு தொடர்கிறது.

ஏற்றத்தில் உடலின் எடையை மேலே உயர்த்துவதில் கெண்டைக்கால் பெரும்பங்கு வகிக்கிறது. இறக்கத்தில் தொடைத் தசைகளும் கெண்டைக்கால் தசைகளும் நீண்டுகொண்டே சுருங்கித் தடையாகச் செயற்படுகின்றன. இவ்வகைச் சுருக்கம் பழக்கமில்லாதவர்களின் தசை இழைகளில் நுண்ணிய சிதைவுகளை உண்டாக்குகிறது. இதனால் மலையிலிருந்து இறங்கிய ஓரிரு நாட்களுக்குப் பிறகே வலி உச்சத்தை அடைகிறது. இது பிடிப்பு அன்று. தாமதமாகத் தோன்றும் தசைவலி ஆகும்.

மலையின் குளிர்ந்த காற்றில் வியர்வை விரைவாக உலர்ந்துவிடுவதால் நீரிழப்பு கண்ணுக்குத் தெரிவதில்லை. தாகமும் குறைவாகவே தோன்றுகிறது. கழிப்பிட வசதி இல்லாத தோட்டங்களில் பெண் தொழிலாளர்கள் நீர் அருந்துவதைக் குறைத்துக்கொள்வதும் உண்டு. 1951 ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் குடிநீர், கழிப்பிடம், மருத்துவ வசதி ஆகியவற்றைத் தோட்ட உரிமையாளரின் கடமையாக்கியது. ஆயினும் 5 எக்டேருக்குக் குறைவான தோட்டங்கள் பொதுவாக அதன் எல்லைக்கு வெளியே இருந்தன. ஏலத்தோட்டங்களில் சிறியவை மிகுதி என்பதால் இது கவனிக்கத்தக்கது.

பிற காரணங்கள்

உழைப்பு அல்லாத காரணங்களாலும் கெண்டைக்கால் பிடிப்பு தோன்றும். அவற்றுள் முக்கியமானவை:

- முதுமை. 60 வயதைக் கடந்தவர்களில் இரவுநேரப் பிடிப்பு பரவலாகக் காணப்படுகிறது.
- கருவுற்ற காலம், குறிப்பாக அதன் பிற்பகுதி.
- நீரிழிவு நோயால் ஏற்படும் நரம்புப் பாதிப்பு.
- கல்லீரல் இறுக்கி நோய், தைராய்டு சுரப்புக் குறைவு, சிறுநீரகச் செயலிழப்பு. இரத்தச் சுத்திகரிப்பு செய்துகொள்வோருக்கும் பிடிப்பு ஏற்படுகிறது.
- வயிற்றுப்போக்கு, வாந்தி ஆகியவற்றால் ஏற்படும் நீரிழப்பு.
- சில மருந்துகள். சிறுநீரைப் பெருக்கும் மருந்துகள், ஆஸ்துமாவுக்கான சில மருந்துகள் ஆகியவை இதில் அடங்கும்.
- மதுப்பழக்கம்.

மருந்தால் பிடிப்பு ஏற்படுவதாக ஐயம் தோன்றினால், மருத்துவரைக் கேளாமல் அம்மருந்தை நிறுத்துதல் கூடாது.

உடனடியாகச் செய்ய வேண்டியவை

1. நடந்துகொண்டிருந்தால் நின்றுவிட வேண்டும். சரிவில் இருந்தால் முதலில் மலைப்பக்கமாகச் சாய்ந்து பாதுகாப்பாக அமர வேண்டும். சுமை இருப்பின் இறக்கிவிட வேண்டும்.
2. முழங்காலை நேராக நீட்டி, பாதத்தின் முன்பகுதியைக் கையால் பிடித்து முழங்காலை நோக்கி மெதுவாக இழுக்க வேண்டும். கை எட்டாவிட்டால் துண்டு ஒன்றைப் பாதத்தில் மாட்டி இழுக்கலாம். உடன் இருப்பவர் பாதத்தை மேல்நோக்கி அழுத்தியும் உதவலாம்.
3. வெடுக்கென்று இழுத்தல் கூடாது. ஒரே சீராக அரை நிமிடம் வரை நீட்டிப் பிடித்து, பிடிப்பு விலகும்வரை தொடர வேண்டும்.
4. நிற்க முடிந்தால், பிடித்த காலைப் பின்னே வைத்துக் குதிகாலைத் தரையில் ஊன்றி, மரத்தையோ சுவரையோ பற்றி முன்னே சாயலாம்.
5. பிடிப்பு விலகியபின் மெல்லத் தேய்த்துவிடலாம். எஞ்சிய வலிக்கு வெந்நீர் ஒத்தடம் இதமளிக்கும். நீரிழிவால் கால் மரத்துப் போனவர்கள் வெந்நீரின் சூட்டை வேறொருவர் கையால் சோதித்த பின்னரே பயன்படுத்த வேண்டும்.

பிடிப்பு விலகியவுடன் விரைந்து நடந்தால் அது மீண்டும் வரக்கூடும். சில நிமிட ஓய்வும் சிறிய எட்டுகளும் தேவை.

நீரும் உப்பும்

மிகுந்த வியர்வைக்குப் பின் வெறும் நீரை மட்டும் பெருமளவில் குடித்தால் இரத்தத்தில் சோடியத்தின் செறிவு குறைந்துவிடும். எனவே உழைப்பின்போது நீருடன் சிறிதளவு உப்பும் சேர்வது பயனுள்ளது. உப்பிட்ட மோர், நீராகாரம், கஞ்சி, உப்பும் சர்க்கரையும் சேர்த்த எலுமிச்சைச் சாறு ஆகிய வழக்கமான பானங்கள் இதற்குப் போதுமானவை. வயிற்றுப்போக்கு போன்ற நிலைகளில், ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்த கரைசலை வீட்டிலேயே ஆயத்தம் செய்யலாம். கரண்டியின் விளிம்பு மட்டத்திற்கே அளக்க வேண்டும். உயர் இரத்த அழுத்தம், இதய நோய், சிறுநீரக நோய் உடையவர்கள் மருத்துவரின் அறிவுரையின்றி உப்பைக் கூட்டுதல் கூடாது.

ஊறுகாய் நீர் குறித்து 2010 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கெவின் மில்லர் குழுவினர் ஓர் ஆய்வு வெளியிட்டனர். புளிக்காடியும் உப்பும் சேர்ந்த வெள்ளரி ஊறுகாயின் நீரைச் சிறிதளவு குடித்தபோது, மின்தூண்டலால் உண்டாக்கப்பட்ட பிடிப்பு, வெறும் நீர் குடித்தபோது இருந்ததைவிட ஏறத்தாழ 49 நொடிகள் முன்னதாகவே நீங்கியது. அந்த உப்பு இரத்தத்தில் கலப்பதற்கு அவ்வளவு குறுகிய நேரம் போதாது. ஆகவே வாய், தொண்டை ஆகியவற்றிலிருந்து எழும் மறிவினையே பிடிப்பைத் தணித்திருக்கலாம் என்று அவர்கள் கருதினர்.

தடுப்பு முறைகள்

உறங்கச் செல்லும் முன் கெண்டைக்காலையும் தொடையின் பின்தசையையும் நீட்டும் பயிற்சி எளியது. 2012 ஆம் ஆண்டில் வெளியான நெதர்லாந்து ஆய்வில், 55 வயதைக் கடந்த 80 பேரிடம் ஆறு வாரங்கள் இப்பயிற்சி சோதிக்கப்பட்டது. பயிற்சி செய்தவர்களுக்கு இரவுப் பிடிப்புகள் குறைந்தன.

மலை ஏறுவோர் முதல் நாளிலேயே நீண்ட தொலைவு செல்லாமல் படிப்படியாகக் கூட்டுவது நன்று. வேலையின் இடையே அவ்வப்போது எழுந்து நின்று காலை நீட்டுதல், நழுவாத காலணி அணிதல், தாகம் தோன்றும் வரை காத்திராமல் சிறிது சிறிதாக நீர் அருந்துதல் ஆகியவையும் உதவும். ஜீப்பில் நெருக்கமாக அமர்ந்து திரும்பும் முன் ஓரிரு நிமிடங்கள் காலை நீட்டிக்கொள்ளலாம்.

மருந்துகள்

சிங்கோனா மரப்பட்டையிலிருந்து கிடைக்கும் குயினைன், மலேரியாவுக்கும் பின்னர் கால் பிடிப்புக்கும் நெடுங்காலம் பயன்படுத்தப்பட்டது. சிங்கோனா 1860களில் நீலகிரியிலும், பின்னர் மூணாறு மலைகளிலும் பயிரிடப்பட்ட பயிர் ஆகும். குயினைன் பிடிப்பின் எண்ணிக்கையைச் சற்றுக் குறைக்கிறது. ஆயினும் அது இரத்தத் தட்டணுக்களை ஆபத்தான அளவுக்குக் குறைக்கக்கூடும். இதயத் துடிப்பின் ஒழுங்கையும் கெடுக்கக்கூடும். இதனால் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிருவாகம் 1994 ஆம் ஆண்டில், பிடிப்புக்காகக் குயினைனை மருத்துவச் சீட்டின்றி விற்பதைத் தடை செய்தது.

மக்னீசிய மாத்திரைகள் பரவலாக உட்கொள்ளப்படுகின்றன. எனினும் முதியோரின் பிடிப்பை அவை குறிப்பிடத்தக்க அளவில் தடுப்பதில்லை என்று 2020 ஆம் ஆண்டின் காக்ரேன் மீளாய்வு தெரிவிக்கிறது. கருவுற்ற பெண்களிடம் நடந்த ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன.

பிடிப்பு எனத் தவறாகக் கருதப்படும் நோய்கள்

- ஆழ்சிரை இரத்த உறைவு: ஒரு காலில் மட்டும் வீக்கம், சூடு, தொடர்ந்த வலி காணப்படும். உறைவு நுரையீரலைச் சென்றடைந்தால் உயிருக்கு ஆபத்து. இத்தகைய காலைத் தேய்த்துவிடுதல் கூடாது.
- தமனி அடைப்பு: குறிப்பிட்ட தொலைவு நடந்ததும் கெண்டைக்கால் வலித்து, நின்றால் தணியும். புகைப்போரிடமும் நீரிழிவு உள்ளோரிடமும் மிகுதி.
- எலிக்காய்ச்சல்: எலியின் சிறுநீர் கலந்த ஈரமண், நீர் ஆகியவற்றிலிருந்து காலின் வெடிப்புகள் வழியே கிருமி நுழைகிறது. காய்ச்சல், கண் சிவத்தல், கெண்டைக்காலைத் தொட்டாலே வலி ஆகியவை இதன் அறிகுறிகள். மழைக்காலத்தில் தோட்ட வேலை செய்வோர் இதனை உடல் அலுப்பு என்று ஒதுக்கிவிடுவது ஆபத்தானது. தொடக்கத்திலேயே நுண்ணுயிர்க்கொல்லி மருந்து அளித்தால் குணமாகும்.
- பூச்சிக்கொல்லி நச்சு: ஏலத்தோட்டங்களில் பூச்சிமருந்து அடிக்கடி தெளிக்கப்படுகிறது. கரிமப் பாசுபரசு வகை மருந்துகள் உடலில் சேர்ந்தால் தசைத் துடிப்பு, பிடிப்பு, எச்சில் பெருகுதல், கண்ணீர், கண்மணி சுருங்குதல், மூச்சுத் திணறல் தோன்றும். உடையைக் களைந்து, தோலைச் சவர்க்காரமிட்டுக் கழுவி, உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். உதவுபவர் நச்சு பட்ட உடையை வெறுங்கையால் தொடுதல் கூடாது.
- தசைச் சிதைவு: கடும் உழைப்புக்குப் பின் சிறுநீர் தேயிலை நிறத்தில் கழிந்தால், சிதைந்த தசையின் புரதம் சிறுநீரகத்தைப் பாதிக்கிறது என்று பொருள்.

மேற்கண்ட அறிகுறிகளுள் எது தோன்றினாலும், கால் வலுவிழந்தாலும், பிடிப்பு உடலின் பல இடங்களுக்குப் பரவினாலும் காலம் தாழ்த்தாமல் மருத்துவ உதவியை நாட வேண்டும். தமிழ்நாட்டில் அவசர ஊர்திக்கு 108 என்ற எண்ணை அழைக்கலாம்.

வரலாறு

வெப்பத்தில் உழைப்போருக்கு ஏற்படும் பிடிப்பு, நீராவிக் கப்பல்களில் கரி அள்ளிப் போட்டவர்களிடமும் சுரங்கத் தொழிலாளர்களிடமும் முதலில் விரிவாகக் கவனிக்கப்பட்டது. 1920களில் இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கங்களில் நெவில் மாஸ் இதனை ஆராய்ந்து, வியர்வையில் உப்பை இழந்தவர்கள் வெறும் நீரை மிகுதியாகக் குடிப்பதுடன் இதனைத் தொடர்புபடுத்தினார். 1930களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஹூவர் அணை கட்டப்பட்டபோது அங்குள்ள தொழிலாளர்களிடமும் ஹார்வர்டு ஆய்வாளர்கள் இதனை ஆராய்ந்தனர். தசைப்பிடிப்பைப் பற்றிய அறிவு உழைக்கும் மக்களின் கால்களிலிருந்தே தொடங்கியது எனலாம்.

இவற்றையும் பார்க்க

- எலிக்காய்ச்சல்
- ஏலக்காய்
- சிங்கோனா
- நீரிழப்பு
- போடிநாயக்கனூர்