ஹென்றி பிளேக் வீடு திரும்பவில்லை

1975 மார்ச் 18, செவ்வாய்க்கிழமை இரவு. அமெரிக்காவின் சீ.பி.எஸ். தொலைக்காட்சியில் வழக்கம்போல அரைமணிநேர நகைச்சுவைத் தொடர் ஒன்று ஒளிபரப்பானது. 'மாஷ்' என்பது அதன் பெயர். கொரிய யுத்தக் களத்திற்கு அருகே கூடாரங்களில் இயங்கும் 4077 ஆம் இலக்க நடமாடும் இராணுவ சத்திரசிகிச்சை வைத்தியசாலையே கதையின் களம். கூடாரத்துக்குள் சாராயம் காய்ச்சும் வைத்தியர்கள், இராணுவத்திலிருந்து தப்புவதற்காகப் பெண்ணுடை தரித்துத் திரியும் கோப்ரல், தலைமைப் பொறுப்பு என்னவென்றே அறியாத தலைவர் என்று ஒரு விசித்திரமான கூட்டம் அங்கே இருந்தது. அந்தத் தலைவர்தான் லெப்டினன்ட் கேணல் ஹென்றி பிளேக்.

மீன்பிடிக்கும் தொப்பியுடன் உலவும் மனிதர் அவர். எந்தக் கடதாசியில் கையொப்பமிடுகிறோம் என்பதை அறியாமலே கையொப்பமிடுவார். இலினோய் மாநிலத்தின் புளூமிங்ரன் நகரில் மனைவி லொறெய்னையும் பிள்ளைகளையும் விட்டுவிட்டு வந்தவர். அந்த இரவு அவருக்கு விடுதலை கிடைக்கிறது. யுத்தசேவை முடிந்தது, வீட்டுக்குப் போகலாம் என்று உத்தரவு வருகிறது. நண்பர்கள் விருந்து வைக்கிறார்கள். புதிய உடை வாங்கிக் கொடுக்கிறார்கள். அவரது எழுதுவினைஞனான ராடர் என்ற இளைஞன் அழாக்குறையாக விடைகொடுக்கிறான். உலங்குவானூர்தி வருகிறது. அதிலேயே காயப்பட்டவர்களும் வருகிறார்கள். எல்லோரும் காயப்பட்டவர்களை நோக்கி ஓட, ஹென்றி பறந்து செல்கிறார். அத்தியாயத்தின் தலைப்புக்கூட ஒரு சொல் விளையாட்டுத்தான். 'அபிசீனியா, ஹென்றி' என்பதை வேகமாக உச்சரித்தால், போய்வா, பிறகு சந்திப்போம் என்ற ஆங்கிலப் பிரியாவிடை காதில் விழும்.

இத்துடன் முடிந்திருந்தால் எவரும் கடிதம் எழுதியிருக்க மாட்டார்கள்.

கடைசிக் காட்சி சத்திரசிகிச்சைக் கூடத்தில் நடைபெறுகிறது. முகமூடி அணிந்த வைத்தியர்கள் குனிந்து வேலை செய்துகொண்டிருக்கிறார்கள். ராடர் முகமூடி இல்லாமல் உள்ளே வருகிறான். முகமூடியைப் போடு என்று ஒருவர் அதட்டுகிறார். அவன் கையிலிருக்கும் தாளை வாசிக்கிறான். ஹென்றி பிளேக் சென்ற விமானம் ஜப்பான் கடலுக்கு மேலே சுட்டு வீழ்த்தப்பட்டது. எவரும் உயிர் தப்பவில்லை. அவ்வளவுதான். ஒருவரும் கதறவில்லை. எங்கோ ஓர் ஆயுதம் தரையில் விழும் ஓசை கேட்கிறது. பிறகு எல்லோரும் மீண்டும் தத்தம் முன்னே கிடக்கும் காயக்காரரின் பக்கம் திரும்புகிறார்கள்.

நான் இதைப் பார்த்தது பல ஆண்டுகளின் பின்னர். கனடாவில் உறவினர் ஒருவர் வீட்டில் தங்கியிருந்த குளிர்காலத்தில், நள்ளிரவு தாண்டிய மறு ஒளிபரப்பு ஒன்றில் பார்த்தேன். நகைச்சுவை என்று நம்பி உட்கார்ந்திருந்த என்னை அந்தத் தாள் நிமிர வைத்தது. செய்தி அறையில் வாழ்நாளைக் கழித்தவனுக்கு அந்த மொழிநடை நன்கு பழக்கமானது. விமானம், இடம், உயிர் தப்பியோர் விபரம். தொலைஅச்சு இயந்திரம் எங்களுக்குத் துப்பியதும் இதே வரிசையில்தான்.

இக்காட்சி எடுக்கப்பட்ட விதம் பற்றி அந்தத் தொடரை உருவாக்கியவர்கள் பல தடவைகள் பேசியிருக்கிறார்கள். ஹென்றி பாத்திரத்தை ஏற்றிருந்த மக்லீன் ஸ்டீவன்சன் தொடரிலிருந்து விலகிக்கொள்ள விரும்பினார். தனக்கென்று ஒரு தொடர் வேண்டும் என்பது அவரது எண்ணம். அவரை வீட்டுக்கு அனுப்பி வைப்பதாகவே பிரதி எழுதப்பட்டது. எழுதியவர்கள் எவரெற் கிறீன்போம், ஜிம் ஃபிறிற்செல் ஆகிய இருவர். இயக்கியவர் லரி கெல்பார்ட். ஆனால் கடைசிப் பக்கத்தை கெல்பார்ட்டும் தயாரிப்பாளர் ஜீன் ரெனோல்ட்சும் மறைத்து வைத்தார்கள். நடிகர்களில் அலன் அல்டாவுக்கு மட்டுமே அது தெரியும். படப்பிடிப்பு முடிந்துவிட்டது என்று எல்லோரும் எண்ணி, ஸ்டீவன்சனுக்கான பிரியாவிடை விருந்துக்கு ஆயத்தமான வேளையில் அந்தப் பக்கம் கையளிக்கப்பட்டது. ராடராக நடித்த கரி பேர்கொவ் அதை வாசித்தார். தொழில்நுட்பக் கோளாறு காரணமாக முதல் முறை சரிவரவில்லை; இரண்டாம் முறையும் வாசிக்க நேர்ந்தது. அந்த ஆயுதம் விழும் ஓசை எவரும் திட்டமிட்டதல்ல. தற்செயலாக விழுந்ததை கெல்பார்ட் அப்படியே விட்டுவிட்டார்.

இன்னொரு விடயத்தையும் இங்கு சொல்லவேண்டும். அக்காலத்து அமெரிக்க நகைச்சுவைத் தொடர்களில் பின்னணியில் செயற்கைச் சிரிப்பொலி சேர்ப்பது வழக்கம். 'மாஷ்' தொடரிலும் அது வேண்டும் என்று நிறுவனம் வற்புறுத்தியது. தயாரிப்பாளர்கள் அரைமனதுடன் இணங்கினாலும், சத்திரசிகிச்சைக் கூடத்தில் மட்டும் சிரிப்பொலி கேட்கக்கூடாது என்று ஒரு விலக்கைப் பெற்றுக்கொண்டார்கள். (பிரித்தானியாவில் பீ.பீ.சீ. அந்தச் சிரிப்பொலி இல்லாமலே ஒளிபரப்பியது. அவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.) எனவே ராடர் அந்தக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தபோது, எங்கே சிரிக்கவேண்டும் என்று சொல்லித்தர எவரும் இருக்கவில்லை.

கடிதங்கள் குவிந்தன. ஆயிரத்துக்கும் மேற்பட்டவை என்பது தயாரிப்பாளர்கள் தந்த கணக்கு. சிலர் பாராட்டினார்கள். பலர் கொதித்தெழுந்தார்கள். அவர்களது குற்றச்சாட்டின் சாரம் ஒன்றுதான்: நாங்கள் சிரிப்பதற்காக உட்கார்ந்தோம், நீங்கள் எங்களை ஏமாற்றிவிட்டீர்கள். இனி இந்தத் தொடரைப் பார்க்கப்போவதில்லை என்று எழுதியவர்களும் உண்டு. கெல்பார்ட்டும் ரெனோல்ட்சும் அக்கடிதங்களில் பலவற்றுக்குத் தம் கைப்படவே பதில் எழுதினார்கள். ஆசிரியபீடங்களில் வாசகர் கடிதங்களைக் கையாண்ட அனுபவம் எனக்கும் உண்டு. கோபக்காரருக்குக் கைப்பட எழுதுவது என்பது எத்தனை மணித்தியாலங்களை விழுங்கும் என்பது தெரிந்தவர்களுக்கே தெரியும். பெரும்பாலும் நாங்கள் எழுதுவதில்லை.

இரசிகர்களின் இவ்வாறான துக்கம் புதியதல்ல. 1893 டிசம்பரில் ஆர்தர் கொனன் டொயில் தமது துப்பறிவாளர் ஷேர்லொக் ஹோம்ஸை சுவிற்சர்லாந்தின் நீர்வீழ்ச்சி ஒன்றில் விழவைத்தபோது, அக்கதையை வெளியிட்ட 'ஸ்ட்ராண்ட்' சஞ்சிகையின் சந்தாதாரர்களில் இருபதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் விலகிக்கொண்டார்கள் என்று சொல்லப்படுகிறது. டொயில் பத்து ஆண்டுகள் தாக்குப்பிடித்தார். 1903 இல் ஹோம்ஸை உயிருடன் கொண்டுவந்து நிறுத்தினார். நீர்வீழ்ச்சியில் விழுந்தவனை மீட்க ஒரு கதாசிரியனால் முடியும். கெல்பார்ட் அந்தக் கதவைத் திறந்து வைக்கவில்லை. எவரும் உயிர் தப்பவில்லை என்ற வரி அதற்காகவே எழுதப்பட்டது போலும்.

தயாரிப்பாளர்களின் நியாயம் இலகுவில் ஒதுக்கிவிடக்கூடியதல்ல. மூன்று ஆண்டுகளாக அந்த வைத்தியசாலைக்குக் காயக்காரர்கள் வந்துகொண்டிருந்தார்கள். பலர் இறந்தார்கள். அவர்களுக்குப் பெயரில்லை, மறுவாரம் அவர்களைப் பற்றி எவரும் பேசுவதில்லை. கொரியாவில் இறந்த அமெரிக்கர்கள் ஏறத்தாழ 36,000 பேர். அவர்கள் ஒவ்வொருவரையும் யாரோ ஒருவருக்குத் தெரிந்திருந்தது, யாரோ எதிர்பார்த்துக் காத்திருந்தார்கள் என்பதைக் காட்டுவதற்கு, பார்வையாளர் காத்திருக்கும் ஒருவரைத்தான் எடுக்கவேண்டியிருந்தது.

இதை அவர்கள் முன்னரும் ஒருமுறை செய்து பார்த்திருந்தார்கள். 1973 ஜனவரி 28 இல் ஒளிபரப்பான அத்தியாயத்தில், கதாநாயகனான வைத்தியர் ஹோக்ஐயின் பால்ய நண்பன் ஒருவன் வருகிறான். அவன் எழுத்தாளன். பத்திரிகையாளருக்குக் கிடைக்கும் பாதுகாப்பை உதறிவிட்டு, யுத்தத்தைச் சிப்பாயாக நின்றே எழுதவேண்டும் என்று முன்னரங்குக்குப் போனவன். (என் தொழிலைச் சேர்ந்தவன் என்பதால் அவன்மீது எனக்கு ஒரு பட்சபாதம் உண்டு.) அவன் சத்திரசிகிச்சை மேசையிலேயே இறந்துபோகிறான். முதன்முறையாக அழும் ஹோக்ஐக்கு ஆறுதல் சொல்ல வருபவர் வேறு யாருமல்ல, ஹென்றி பிளேக்தான். தலைமைப் பயிற்சியில் தனக்குச் சொல்லித்தந்த இரண்டு விதிகளை அவர் எடுத்துச் சொல்கிறார். யுத்தத்தில் இளைஞர்கள் இறப்பார்கள் என்பது முதலாவது. வைத்தியர்களால் முதலாவது விதியை மாற்ற முடியாது என்பது இரண்டாவது. பாரிஸில் வியட்நாம் சமாதான உடன்படிக்கை கைச்சாத்தான மறுநாள் அது ஒளிபரப்பானது. ஆயினும் அந்த எழுத்தாளன் ஓர் அத்தியாயத்துக்கு மட்டும் வந்துபோன விருந்தாளி. நேயர்களின் வீட்டில் மூன்று ஆண்டுகள் குடியிருந்தவர் ஹென்றி.

கதை கொரியாவில் நடந்தாலும், பார்த்துக்கொண்டிருந்தவர்களின் மனதில் இருந்தது வியட்நாம். ஹென்றி இறந்த அந்த வாரத்தில், தென் வியட்நாமின் மத்திய மேட்டுநிலம் வீழ்ந்துகொண்டிருந்தது. அகதிகள் கடற்கரையை நோக்கி ஓடிக்கொண்டிருந்தார்கள். அமெரிக்காவில் 58,000 குடும்பங்கள் அந்த யுத்தத்தில் ஒருவரை இழந்திருந்தன. ஏப்ரல் 4 ஆம் திகதி, அநாதைக் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு சைகோனிலிருந்து புறப்பட்ட பெரிய இராணுவ விமானம் ஒன்று கதவு பிய்ந்து திரும்பிவர முயன்று, நெல்வயலில் விழுந்தது. 138 பேர் இறந்தார்கள். அவர்களில் 78 பேர் குழந்தைகள். அம்மாத முடிவில் சைகோன் வீழ்ந்தது.

ஹென்றிக்காகக் கடிதம் எழுதியவர்கள் அந்தக் குழந்தைகளுக்காக யாருக்கு எழுதியிருப்பார்கள்? இதை ஏளனமாகக் கேட்கவில்லை. கற்பனை மனிதனுக்கு அழுதவர்கள் நிஜ மனிதருக்கு அழவில்லை என்று குற்றம் சுமத்துவது எளிது. நான் அந்த அணியில் இல்லை. கடிதம் எழுத முகவரி வேண்டும், பதில் சொல்ல ஒருவர் வேண்டும். கெல்பார்ட் என்ற மனிதர் ஒருவர் இருந்தார். ஏன் கொன்றாய் என்று அவரிடம் கேட்க முடிந்தது. தன் மகன் எதற்காக இறந்தான் என்று வாஷிங்ரனுக்கு எழுதிய பெற்றோருக்கு அச்சடித்த தாள்தான் போயிருக்கும்.

ஸ்டீவன்சனின் சொந்தத் தொடர்கள் எடுபடவில்லை. மக்கள் நேசித்தது தன்னையல்ல, ஹென்றி பிளேக்கையே என்று அவர் பின்னாளில் மனம்விட்டுச் சொன்னார். 'மாஷ்' அவரில்லாமல் மேலும் எட்டு ஆண்டுகள் ஓடியது. மூன்று ஆண்டு யுத்தத்தைப் பதினொரு ஆண்டுகள் காட்டிவிட்டு, 1983 பெப்ரவரி 28 இல் பத்துக் கோடிக்கும் மேற்பட்ட பார்வையாளரின் முன் முடிவுற்றது. ஸ்டீவன்சன் 1996 பெப்ரவரி 15 இல் மாரடைப்பால் காலமானார். 1970 ஆம் ஆண்டுத் திரைப்படத்தில் அதே ஹென்றியாக நடித்த ரொஜர் போவன் மறுநாளே மாரடைப்பால் இறந்தார்.

அந்தக் குளிர்கால இரவில் என்னை நிமிர வைத்ததன் காரணத்தைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. 1998 செப்டெம்பர் 29 ஆம் திகதி, பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட தனியார் பயணிகள் விமானம் ஒன்று மன்னாருக்கு அப்பால் கடலில் காணாமற்போனது. விமானத்தில் 55 பேர் இருந்தார்கள். பயணிகள் 48 பேரில் பெரும்பாலானோர் தமிழர்கள். தரைவழிப் பாதை மூடப்பட்டிருந்த காலம் அது. கொழும்புக்கு வருவதற்கு விமானத்தையோ கப்பலையோ விட்டால் வழியில்லை. அன்று எங்கள் மேசைக்கு வந்த முதல் செய்தியில் ஓர் எண்ணிக்கை மட்டுமே இருந்தது. நானும் எண்ணிக்கையைத்தான் தலைப்பில் போட்டேன். அதைவிட வேறு எதையும் போட முடியாது. ஆனால் தொலைபேசி விடியும்வரை ஓயவில்லை. அழைத்தவர்கள் ஒரு பெயரைச் சொன்னார்கள். அந்தப் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று கேட்டார்கள். பட்டியல் இன்னும் வரவில்லை என்று நாங்கள் சொன்னோம். எத்தனை பேர் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

அந்த விமானத்தின் சிதைவுகள் 2012 இல்தான் இரணைதீவுக்கு அருகே கடலடியில் கண்டுபிடிக்கப்பட்டன. மீட்கப்பட்ட உடைகளும் பொருள்களும் பின்னர் உறவினர்கள் அடையாளம் காண்பதற்காக யாழ்ப்பாணத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டன. பதினைந்து ஆண்டுகள் உப்புநீரில் கிடந்த துணிகளைப் பார்ப்பதற்கு மக்கள் வரிசையில் நின்றார்கள்.