தொலைவின் வரலாறு: புலிக்கும் நமக்கும் இடையே ஒரு லென்ஸ்

கானுயிர்ப் படங்களுக்கு 100-400 மி.மீ. சூம் லென்ஸ் வாங்குவதா, 150-600 மி.மீ. வாங்குவதா என்று இளம் ஆய்வாளர் ஒருவர் அண்மையில் கேட்டார். விலை, எடை, கூர்மை ஆகியவற்றை ஒப்பிடும் பட்டியல்களுக்குப் பஞ்சமில்லை. ஆயினும் இக்கேள்விக்கு ஒரு வரலாறு உண்டு; அதை விட்டுவிட்டுச் சொல்லும் விடை பாதி விடையே.

முதலில் சொல்லிலிருந்து தொடங்குகிறேன். ஆங்கிலத்தில் சுடுவதற்கும் படமெடுப்பதற்கும் ஒரே வினைச்சொல். 1882இல் பிரெஞ்சு உடலியலாளர் எத்தியென்-ழூல் மரே பறவைகளின் பறத்தலைப் பதிவுசெய்ய அமைத்த கருவி துப்பாக்கி வடிவிலேயே இருந்தது. தமிழில் நாம் படம் 'பிடிக்கிறோம்'. மீனையும் அப்படித்தான் பிடிக்கிறோம். இரு மொழிகளிலும் வேட்டையின் சாயல் மறையவில்லை.

1891இல் லண்டனில் டால்மேயர், மியூனிக்கில் ஸ்டைன்ஹைல், பெர்லினில் மீத்தே ஆகிய மூவரும் தனித்தனியே தொலைநோக்கு லென்ஸை உருவாக்கினர். ஒளியைக் குவிக்கும் வில்லைத் தொகுதிக்குப் பின்னால் விரிக்கும் தொகுதியை வைத்தால், குவியத் தூரத்தைவிடக் குறைந்த நீளத்தில் லென்ஸ் அமையும். ஆனால் அதற்கு ஒளி நிறைய வேண்டும். புலி உலவும் இரவில் ஒளி ஏது?

ஐக்கிய மாகாணங்களில் வன அதிகாரியாக இருந்த எஃப். டபிள்யூ. சாம்பியன் இதற்கு வேறு வழி கண்டார். காட்டுப் பாதையில் கம்பி கட்டி, புலி அதை இடறும்போது ஒளித்தூள் வெடித்துப் படம் பதியச் செய்தார். 1927இல் வெளிவந்த அவரது நூல், புலியைக் கொல்லாமலும் 'அடையலாம்' என்பதற்குச் சான்றாயிற்று. கேமரா மிக அருகில். மனிதன் அங்கே இல்லை.

எழுத்தாளர் அ. மாதவையாவின் மகனான மா. கிருஷ்ணன் (1912-1996) சென்ற வழி வேறு. ஒன்றின் உடற்பகுதி, மற்றொன்றின் தொலைநோக்கு லென்ஸ் எனத் தாமே பொருத்திய கேமராவுக்கு 'சூப்பர் பாண்டெரோசா' என்று வேடிக்கையாகப் பெயரிட்டிருந்தார். அதைக் கொண்டு கறுப்பு வெள்ளையில் அவர் எடுத்த படங்கள், விலங்கைக் காத்திருந்து கவனித்தவரின் படங்கள்.

35 மி.மீ. கேமராக்களுக்கான முதல் சூம் லென்ஸ், ஃபோக்ட்லாண்டர் சூமார், 1959இல் வந்தது. 1995இல் கேனான் தன் 75-300 மி.மீ. லென்ஸில் அதிர்வுத் தடுப்பைச் சேர்த்தது. 2013ஆம் ஆண்டின் இறுதியில் டாம்ரான் 150-600 மி.மீ. லென்ஸை அறிவித்தது, அடுத்த ஆண்டு சிக்மாவும் அதே அளவில் வெளியிட்டது. செல்வந்தருக்கும் தொழில்முறைக் கலைஞருக்கும் மட்டுமே வாய்த்த 600 மி.மீ. மாணவர் தோளுக்கும் வந்தது. இதற்கு விலை ஒளி. 600 மி.மீ. லென்ஸின் துளை எஃப்/4 என்றால் அதன் விட்டம் 150 மி.மீ.; எஃப்/6.3 என்றால் 95 மி.மீ. மட்டுமே. விடியற்காலையில் இந்த வேறுபாடு தெரியும்: இரண்டரை மடங்கு ஒளி.

இனி ஒரு சிறு கணக்கு. புலிகள் காப்பகங்களில் கானுயிரிடமிருந்து குறைந்தது 20 மீட்டர் விலகியிருக்க வேண்டும் என்று தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையத்தின் 2012 நெறிமுறைகள் கூறுகின்றன. முழுச்சட்ட சென்சாரில் 300 மி.மீ. லென்ஸ் 20 மீட்டரில் 2.4 மீட்டர் அகலத்தைக் காட்டும். பக்கவாட்டில் நிற்கும் புலியின் உடல் அதில் அடங்கிவிடும். 600 மி.மீ. அதே சட்டகத்தை 40 மீட்டரிலிருந்து தரும்.

ஆகவே நீண்ட லென்ஸ் தருவது அருகாமை அன்று, பின்வாங்கும் உரிமை. அதை வாங்கிய பிறகும் மீசை மயிரைப் பிடிக்க வண்டியை முன்னே நகர்த்தச் சொன்னால், நூற்றாண்டு கடந்தும் நாம் வேட்டைக்காரர் மனத்தைக் கைவிடவில்லை என்றே பொருள்.

நண்பருக்கு நான் சொன்னது: நடந்து ஆய்வு செய்பவரானால் எடை குறைந்த 100-400 போதும், ஓரிடத்தில் அமர்ந்து பறவைகளையோ அஞ்சி விலகும் விலங்குகளையோ நோக்குபவரானால் 150-600 தகும். எதை வாங்கினாலும், விலங்கு தலைநிமிர்ந்து உங்களை நோக்கினால், நீங்கள் ஏற்கெனவே அதிகம் நெருங்கிவிட்டீர்கள்.