கோலார் தங்கவயல்: கைவிடப்பட்ட சுரங்கத்தின் நிலவியலும் சூழல் இடர்களும்

கர்நாடகத்தில் பெங்களூருக்குக் கிழக்கே ஏறத்தாழ 100 கி.மீ. தொலைவில் உள்ள கோலார் தங்கவயல், 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்ட தங்கச் சுரங்கத் தொகுதி. 1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் வேலையைத் தொடங்கியதிலிருந்து பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் கதவடைத்தது வரை, சுமார் 120 ஆண்டுகளில் 5 கோடி டன்னுக்கு மேற்பட்ட பாறையை வெட்டி 800 டன் அளவுக்குத் தங்கம் எடுத்தார்கள். வட ஆற்காடு, சேலம் பக்கமிருந்து பிழைக்கப் போன தமிழர்களே உள்ளே இறங்கியவர்களில் பெரும்பகுதி. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3.2 கி.மீ. ஆழம் போனது. இப்போது எஞ்சியிருப்பவை தரைக்குக் கீழே நீர் ஏறிய குடைவுகளும், தரைக்கு மேலே 13 கழிவு மேடுகளும்.

இப்படி விட்டுப்போன சுரங்கத்தால் என்ன ஆபத்து என்று கேட்டால், நிலவியலாளர் முதலில் பார்ப்பது கழிவை அல்ல, அந்தக் கழிவு எந்தப் பாறையிலிருந்து வந்தது என்பதைத்தான்.

தங்கவயல் இருப்பது கோலார் சிஸ்ட் பட்டை எனப்படும் பழம்பாறைப் பகுதியில். வடக்கு தெற்காக 80 கி.மீ. நீளமும் சில கி.மீ. அகலமும் மட்டுமே கொண்ட ஒடுங்கிய பட்டை இது. ஏறத்தாழ 270 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் வழிந்து உறைந்த எரிமலைக் குழம்பு, பின்னர் அழுத்தத்திலும் வெப்பத்திலும் ஆம்பிபோலைட் என்ற கரும்பாறையாக உருமாறியது. நீருக்கடியில் உறைந்ததற்குச் சான்றான தலையணை வடிவ எரிமலைப் பாறைகளை இன்றும் அருகே பெத்தபள்ளியில் பார்க்கலாம். அந்த இடத்தை இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை தேசிய நிலவியல் சின்னமாக அறிவித்திருக்கிறது. பாறை பிளந்த இடங்களில் சூடான கனிமநீர் ஏறி வெங்கச்சங்கல்லாக இறுகியபோது தங்கமும் அதோடு படிந்தது. இப்படிப் படிந்த கீற்றைத் தாரை என்பார்கள்.

ஆனால் எல்லாத் தாரைகளும் ஒரே குணத்தவை அல்ல. தங்கவயலுக்குப் பெயர் வாங்கித் தந்த சாம்பியன் தாரையில், வெங்கச்சங்கல்லுக்குள் தங்கம் தனித்த உலோகமாகவே கிடந்தது. கந்தகக் கனிமங்கள் குறைவு. மேற்கே உள்ள மக்டாகர்ட் தாரைகளிலோ பைரோடைட், ஆர்சனோபைரைட் போன்ற கந்தகக் கனிமங்கள் தங்கத்தோடு கலந்து வந்தன. காற்றும் மழைநீரும் பட்டால் இவை கந்தக அமிலத்தைக் கசியவிடும். ஆர்சனோபைரைட் ஆர்சனிக்கையும் சேர்த்து விடும். ஆகவே எந்த மேட்டில் எந்தச் சுரங்கத்தின் அரைமண் கொட்டப்பட்டது, எந்தக் காலத்து அடுக்கு எதன்மேல் கிடக்கிறது என்ற பழைய கணக்குதான் ஆய்வின் முதல் ஆவணம். பதின்மூன்று மேடுகளையும் ஒரே பொருளாக எண்ணி ஒரு சராசரியைச் சொல்லும் அறிக்கையால் அதிகப் பயனில்லை.

பாறை மாறினால் ஆபத்து எவ்வளவு மாறும் என்பதற்குக் கனடாவின் யெல்லோநைஃப் நகரையொட்டிய ஜயண்ட் சுரங்கம் சாட்சி. அங்கே தங்கம் ஆர்சனோபைரைட்டுக்குள் சிறைப்பட்டிருந்ததால் தாதுவை வறுத்தெடுக்க வேண்டியிருந்தது. வறுத்ததில் வந்த ஆர்சனிக் ட்ரையாக்சைடு தூள் 2,37,000 டன், நிலத்தடி அறைகளில் அடைத்து வைக்கப்பட்டிருக்கிறது. அது நீரில் கரையும் நஞ்சு என்பதால், சுற்றியுள்ள பாறையையே உறையவைத்துக் காக்கும் திட்டம் நடக்கிறது. தென்னாப்பிரிக்காவின் விட்வாட்டர்ஸ்ராண்டில் பிரச்சினை வேறு. நீரிறைப்பது நின்றதும் பைரைட் நிறைந்த குடைவுகளில் அமில நீர் நிரம்பி, 2002இல் க்ரூகர்ஸ்டார்ப் அருகே தரைக்கு மேல் வழிந்தது. இவற்றோடு ஒப்பிட்டால் வேதியியல் வகையில் தங்கவயலுக்குக் கொஞ்சம் அதிர்ஷ்டம் உண்டு. தூசி வகையிலும் ஆழத்தின் வகையிலும் அந்த அதிர்ஷ்டம் இல்லை.

ஊர்க்காரர்கள் சயனைடு மலை என்று சொல்லும் மேடுகளில் ஏறத்தாழ 3.3 கோடி டன் கழிவு கிடக்கிறது. 2018இல் வந்த ‘கே.ஜி.எஃப்’ படம் பார்த்தவர்களுக்கு இந்த வெளிறிய மேடுகள் தெரிந்திருக்கும். தொடக்கத்தில் தாதுவை இடித்துப் பாதரசம் பூசிய செப்புத் தகடுகளின்மேல் ஓடவிட்டுத் தங்கத்தைப் பிடித்தார்கள். 1887இல் கிளாஸ்கோவில் காப்புரிமை பெற்ற சயனைடு முறை 1890களில் இங்கே வந்தது. நொறுக்கிய மணலில் சயனைடுக் கரைசலை ஊற்றித் தங்கத்தைக் கரைத்தெடுத்தபின் மிச்சத்தை வெளியே கொட்டுவது வழக்கமாயிற்று. மேட்டின்மேல் நடந்தால் மழை அரித்த ஓடைத் தடங்கள் மாவுபோன்ற மணலில் ஆளுயரத்துக்கு வெட்டியிருக்கும். அவற்றின் ஓரங்களில் துருநிற மஞ்சளும் வெயில் காலத்து வெள்ளை உப்பும் பூத்திருக்கிறதா என்று ஆய்வாளர்கள் தேடுவார்கள். அமிலம் ஊறும் இடத்தைக் கண்ணுக்குக் காட்டிக்கொடுக்கும் அடையாளங்கள் அவை.

மக்கள் அஞ்சுவது சயனைடு என்ற பெயருக்கு. அந்த அச்சம் இடம் மாறிய அச்சம் என்றே சொல்ல வேண்டும். வெயிலும் நுண்ணுயிரும் படப்பட சயனைடு காலப்போக்கில் சிதைகிறது. இரும்போடு பிணைந்த பகுதி மட்டும் நெடுநாள் தங்கும். சிதையவே சிதையாதவை ஆர்சனிக், ஈயம் போன்ற தனிமங்கள். இந்தியக் குடிநீர்த் தரத்தின்படி ஒரு லிட்டர் நீரில் ஆர்சனிக் 0.01 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது, சயனைடுக்கோ 0.05 வரை அனுமதி உண்டு. மேட்டுக்கு மேல்பக்கக் கிணற்றிலும் கீழ்பக்கக் கிணற்றிலும், கோடையில் ஒருமுறையும் மழைக்குப்பின் ஒருமுறையும் நீர் எடுத்து ஒப்பிட்டால்தான் மேட்டிலிருந்து வந்தது எது, பாறையிலேயே இயற்கையாக இருந்தது எது என்று பிரிக்க முடியும். ஆய்வகத்தில் மணலின் அமிலம் ஊறும் திறனையும், அதைத் தணிக்கும் கார்பனேட் எவ்வளவு என்பதையும் அளந்து ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிப்பார்கள். மிஞ்சுவது எது என்பதைப் பொறுத்தது அந்த மேட்டின் எதிர்காலம்.

தூசி தனிக் கதை. வெங்கச்சங்கல் என்பது சிலிக்கா. அதை மாவாக அரைத்துத் திறந்த வெளியில் கொட்டிவிட்டால் காற்று வீசும் மாதங்களில் தொழிலாளர் குடியிருப்பு லைன்கள்மீது படியும். சுரங்கத்துக்குள் இதே தூசி செய்த வேலை பதிவாகியிருக்கிறது: 1940களில் தங்கவயல் தொழிலாளர்களிடையே நடந்த பரிசோதனையில் நூற்றுக்கு 40 பேருக்கு மேல் சிலிக்கோசிஸ் நுரையீரல் நோய் தென்பட்டது. மேடுகளிலிருந்து பறக்கும் தூசி அந்த அளவு அடர்த்தியானது அல்ல. ஆனால் அதை மூச்சில் வாங்குவோரில் குழந்தைகளும் உண்டு. முகக்கவசமும் ஷிப்டு நேரமும் அவர்களுக்குக் கிடையாது.

ஆழத்தின் ஆபத்து பாறை வெடிப்பு. 3 கி.மீ. ஆழத்தில் பாறையின் வெப்பம் 65 டிகிரி செல்சியஸை ஒட்டி இருந்தது. மேலே உள்ள பாறையின் பாரம் முழுவதும் குடைந்து மிச்சம்விட்ட தூண்களின்மேல் விழுந்தது. தாங்காதபோது தூண் துப்பாக்கி வெடித்ததுபோல் சிதறும். தரைக்கு மேலே வீட்டுச் சுவர் விரிசல் காணும். இதைப் பதிவுசெய்ய 1912லேயே இங்கே அதிர்வுமானி வைக்கப்பட்டது. தேசியப் பாறை இயந்திரவியல் நிறுவனம் 1988இல் இங்கே தொடங்கப்பட்டதும் இந்த அனுபவத்தின் விளைவே. (இதே ஆழம் இயற்பியலுக்கு வரமாயிற்று. வளிமண்டல நியூட்ரினோவை 1965இல் முதன்முதலாகக் கண்டறிந்த இடங்களில் ஒன்று, சாம்பியன் ரீஃபில் 2 கி.மீ.க்கும் கீழே அமைந்த ஆய்வகம்.) சுரங்கம் மூடியதும் அதிர்வு நின்றுவிடாது. நீர் ஏற ஏற விரிசல்களுக்குள் அழுத்தம் கூடிப் பாறை நழுவும். ஆகவே நீர்மட்டத்தையும் அதிர்வையும் சேர்த்தே கண்காணிக்க வேண்டும்; ஒன்றில்லாமல் மற்றொன்றுக்குப் பொருள் சொல்ல இயலாது.

எளிய ஆபத்தும் உண்டு, அதுதான் ஆளை உடனே கொல்கிறது. மூடாத குழிவாய்களுக்குள் ஆக்சிஜன் குறைந்த காற்று தேங்கிக் கிடக்கும். 2020 மே மாதத்தில் கைவிட்ட சுரங்கத்துக்குள் இறங்கிய மூவர் உயிரிழந்தார்கள். எந்தக் குழி எங்கே திறக்கிறது, அதன் வாயில் கான்கிரீட் மூடி இருக்கிறதா என்ற வரைபடம்தான் இதற்குத் தேவை. செலவும் மற்றவற்றைவிடக் குறைவு.

மேடுகளின் மணலில் இன்னும் டன்னுக்கு ஒரு கிராமுக்குச் சற்றுக் குறைவாகத் தங்கம் இருக்கிறது. அதை எடுப்பதற்காக, சுமார் 1,000 ஏக்கரில் பரந்த 13 மேடுகளையும் மறுபடி பதப்படுத்த 2024இல் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் தந்தது. இதில் இரண்டு விளைவுக்கும் இடமுண்டு. பழைய மணலை முறையாகத் தோண்டி, நஞ்சைப் பிரித்து, தளமிட்ட குளத்தில் திரும்ப அடக்கினால் நூற்றாண்டுக் குப்பை குறையும். மேல்தோலை மட்டும் கிளறித் தங்கத்தை எடுத்துக்கொண்டு போனால், இறுகிப்போயிருந்த மணல் மீண்டும் தூசியாகும். புதுச் சயனைடும் சேரும். எந்த மேட்டை முதலில் எடுப்பது என்ற முடிவில் தங்கத்தின் அளவோடு, அதனருகில் குடியிருப்போர் எத்தனை பேர், அடியில் இருப்பது மக்டாகர்ட் மணலா சாம்பியன் மணலா என்பவையும் இடம்பெற வேண்டியிருக்கிறது.