கண்டி டஸ்கர்ஸ்

கண்டி டஸ்கர்ஸ், லங்கா பிரீமியர் லீக்கின் முதல் பருவத்தில் கண்டி நகரின் பெயரில் ஆடிய தொழில்முறை இருபது ஓவர் கிரிக்கெட் அணி. 2020ஆம் ஆண்டின் அந்த ஒரு தொடரோடு அதன் கதை முடிந்துபோனது. சொந்த ஊரில் அது ஒரு பந்தைக்கூட வீசவில்லை.

கண்டி அமைந்த மலையகத்துக்குத் தொழில்முறை அணி புதிதல்ல. மாகாண அணியான கந்துரட்ட, 2012இல் 'கந்துரட்ட வாரியர்ஸ்' என்ற பெயரில் இலங்கை பிரீமியர் லீக்கில் ஆடியது. அடுத்த ஆண்டு அந்த லீக்கே கைவிடப்பட்டது. அதற்குப் பதிலாக நடந்த சுப்பர் ஃபோர்ஸ் தொடரை 'கந்துரட்ட மெரூன்ஸ்' வென்று, சாம்பியன்ஸ் லீக் இருபது ஓவர் தொடரின் தகுதிச்சுற்றுக்காக இந்தியாவின் மொஹாலிக்குச் சென்றது. சன்ரைசர்ஸ் ஹைதராபாத்துக்கும் ஆடத் தகுதி பெற்றிருந்த குமார் சங்கக்கார கந்துரட்டவையே தேர்ந்தெடுத்தார். கண்டி திரித்துவக் கல்லூரியில் வளர்ந்தவரின் அந்த முடிவு, பின்னாளில் வந்த எந்த ஒப்பந்தத்தையும்விட நினைவில் வைக்கத்தக்கது. ஆனால் அணி மூன்று ஆட்டங்களிலும் தோற்றுத் திரும்பியது.

ஏழு ஆண்டுகள் கழித்து வந்த டஸ்கர்ஸில் இந்தி நடிகர் சோஹைல் கான் முதலீட்டாளராக இருந்தார். கண்டி தலதா மாளிகைப் பெரஹராவில் நடக்கும் கொம்பன் யானைகளை நினைவூட்டும் பெயர். குசல் பெரேரா தலைவர், ஹஷான் திலகரத்ன பயிற்றுவிப்பாளர். பெரிய எதிர்பார்ப்போடு அறிவிக்கப்பட்ட கிறிஸ் கெய்ல் தொடர் தொடங்கும் முன்பே விலகிக்கொண்டார். டேல் ஸ்டெய்ன் பிறகு வந்து சேர்ந்தார். கொரோனா காலம் என்பதால் எல்லா ஆட்டங்களும் அம்பாந்தோட்டையில், பார்வையாளர் இல்லாத மைதானத்தில் நடந்தன.

நவம்பர் 26. லீக்கின் முதல் ஆட்டமே டஸ்கர்ஸுடையது. எதிரணி கொழும்பு கிங்ஸ். ரஹ்மானுல்லா குர்பாஸ் 22 பந்தில் 53 ஓட்டங்கள் விளாச, குசல் பெரேரா 52 பந்தில் 87 எடுத்தார். கண்டி 3 விக்கெட்டுக்கு 219. இந்த எண்ணிக்கை போதும் என்றே எவரும் நினைத்திருப்பர். தினேஷ் சந்திமாலின் 80 ஓட்டங்களும், கடைசி நேரத்தில் இசுரு உதானவின் அதிரடியும் கொழும்பையும் அதே 219இல் கொண்டுவந்து நிறுத்தின. சூப்பர் ஓவரில் கொழும்பு 16 எடுத்தது; கண்டியால் 12தான் முடிந்தது. அந்தத் தோல்வியிலிருந்து அணி முழுதாக மீளவேயில்லை. நவம்பர் 30இல் காலியை 25 ஓட்டங்களால் வென்றபோதும், ஐந்து அணிகளில் கடைசி இடமே மிஞ்சியது.

2021இல் உரிமையாளர் மாற, பெயரும் 'கண்டி வாரியர்ஸ்' ஆனது. அந்தப் பருவமும் கொழும்பிலும் அம்பாந்தோட்டையிலுமே நடந்தது. மீண்டும் கடைசி இடம். 2022இல் 'கண்டி ஃபால்கன்ஸ்' ஆன பிறகுதான் கண்டிக்கு அருகிலுள்ள பல்லேகல மைதானத்தில் கண்டி ரசிகர்கள் தங்கள் லீக் அணியைக் கண்ணாரக் கண்டார்கள். 2023இல் 'பி-லவ் கண்டி' என்ற இன்னொரு பெயரில் தம்புள்ளையை வென்று முதல் கிண்ணம் வந்தது. காயத்தால் அணித் தலைவர் வனிந்து ஹசரங்க ஆடாத அந்த இறுதியாட்டத்தில் ஏஞ்சலோ மேத்யூஸ் தலைமை தாங்கினார். அடுத்த ஆண்டே ஃபால்கன்ஸ் என்ற பெயர் திரும்பியது.