இரண்டு மார்க் சொல்லும் ஒரு கன்டெய்னர் சரக்கும்

ஆங்கிலப் பரீட்சையில் "பிஃபோர்", "அன்டில்", "ஃப்ரம்" தப்பாகப் போட்டால் இரண்டு மார்க் போகும். எங்கள் திருப்பூரில் ஒரு ஆர்டரின் லாபமே போகும்!

இங்கே பனியன் தொழில் 1920களிலேயே தொடங்கிவிட்டது. ஆனால் 1978-ல்தான் வெரோனா என்ற இத்தாலிய வியாபாரி, மும்பை ஏற்றுமதியாளர்கள் மூலம் வெள்ளை டி-சர்ட் தேடி வந்தார். 1981-ல் ஐரோப்பாவின் சி அண்ட் ஏ நிறுவனம் வந்தது. ஆர்டரோடு எல்.சி.யும் வந்தது. சொன்ன தேதியில் சரக்கைக் கப்பலில் ஏற்றி, சரியான ஆவணங்களைக் கொடுத்தால் பணம் தருகிறேன் என்று வாங்குபவரின் வங்கி தரும் உறுதிதான் எல்.சி. வங்கி துணியைப் பார்க்காது, காகிதத்தைத்தான் பார்க்கும்.

ஒரே சொல்லுக்கு ஆளுக்கொரு அர்த்தம் சொன்னால் வியாபாரம் நடக்குமா? பாரிஸில் உள்ள சர்வதேச வர்த்தக சபை 1933-ல் இதற்குப் பொது விதிகளை வெளியிட்டது. பலமுறை திருத்தப்பட்டு, 2007 ஜூலை 1 முதல் யூ.சி.பி. 600 என்ற பெயரில் நடைமுறையில் இருக்கிறது. அதன் மூன்றாவது பிரிவு ஓர் இலக்கணப் பாடம் மாதிரியே இருக்கும்.

கப்பலேற்றும் தேதிக்கு "டு", "அன்டில்", "டில்", "ஃப்ரம்", "பிட்வீன்" என்று இருந்தால் அந்தத் தேதியும் சேரும். "பிஃபோர்", "ஆஃப்டர்" என்றால் சேராது. "ஆன் ஆர் அபவுட் மே 15" என்றால் மே 10 முதல் 20 வரை. வேடிக்கை என்னவென்றால், பணம் தரவேண்டிய நாளைக் கணக்கிடும்போது அதே "ஃப்ரம்" அந்தத் தேதியைச் சேர்க்காது! முப்பதாவது பிரிவுப்படி, "அபவுட் 10,000 பீஸ்" என்றால் 9,000 முதல் 11,000 வரை அனுப்பலாம். "அபவுட்" இல்லாவிட்டால் இந்தப் பத்து சதவீதச் சலுகை கிடையாது.

என் மாமா ஒரு கம்பெனியில் மெர்ச்சன்டைசராக இருந்தார். எல்.சி.யில் "பிஃபோர் 15" என்று இருந்ததை "15-ஆம் தேதிக்குள்" என்று புரிந்துகொண்டு, 15-ஆம் தேதியே சரக்கை ஏற்றினார்கள். கடைசி நாள் 14! வங்கி ஆவணங்களை ஏற்கவில்லை. வாங்குபவர் விலையைக் குறைத்துத்தான் சரக்கை எடுத்தார். தைத்த துணியில் ஒரு குறையும் இல்லை.

தமிழில் "தேதிக்குள்" வேறு, "தேதிக்கு முன்" வேறு. நமக்கு அது தெரியும். ஆங்கிலத்திலும் அதே கவனம் வேண்டும், அவ்வளவுதான். அடுத்த முறை கிராமர் வகுப்பில் தூக்கம் வந்தால் மாமாவை நினைத்துக்கொள்ளுங்கள்.