பிறவி மார்பகக் குறைபாடும் கொழுப்பு ஒட்டும்

பிறவியிலேயே வளர்ச்சி குன்றிய மார்பகத்துக்கு, அதே பெண்ணின் வயிற்றிலிருந்தோ தொடையிலிருந்தோ உறிஞ்சி எடுத்த கொழுப்பைச் செலுத்தி வடிவம் தரும் அறுவை முறை கொழுப்பு ஒட்டு எனப்படுகிறது.

இக்குறைபாடுகள் பற்றிய பழைய பதிவுகளுள் ஒன்று லண்டன் கைஸ் மருத்துவமனையைச் சேர்ந்தது. 1841-இல் அங்கு மாணவராக இருந்த ஆல்ஃபிரட் போலண்ட், தாம் அறுத்து ஆராய்ந்த உடலில் ஒரு பக்க மார்புத் தசையின் பெரும்பகுதி இல்லாததைக் குறித்து வைத்தார். 1962-இல் பேட்ரிக் கிளார்க்சன் இந்நிலைக்குப் போலண்டின் பெயரைச் சூட்டினார். இதனுடன் பிறந்த பெண்ணுக்கு அப்பக்க மார்பகம் சிறுத்திருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. காறை எலும்பின் கீழ் குழி விழும். அக்குளின் முன்மடிப்பு தெரியாது. சிலருக்குக் கைவிரல்களும் ஒட்டியிருக்கும். 1976-இல் ரீஸ், ஆஸ்டன் இருவரும் விவரித்த கிழங்கு வடிவ மார்பகம் வேறு வகை. அதில் அடிப்பாகத்தை ஒரு நார்வளையம் இறுக்குவதால் திசு விரிய வழியின்றிக் கருவட்டத்தின் வழியே முன்தள்ளும். இரண்டுமே பெரும்பாலும் பூப்பெய்தும் வயதில்தான் கண்ணில் படுகின்றன. அந்த வயதில் குறையை வெளியே சொல்லவும் கூசி மறைத்து வாழும் பெண்களுக்கு அதைச் சீரமைப்பது வெறும் அழகுச் சிகிச்சை அன்று.

கொழுப்பை இடம் மாற்றும் முயற்சி நூற்றாண்டு கடந்தது. 1893-இல் ஜெர்மனியின் குஸ்தாவ் நாய்பர் முகத்தின் பள்ளத்தைக் கொழுப்புத் துண்டுகளால் நிரப்பினார். துண்டு சிறிதாக இருந்தால்தான் பிழைக்கிறது என்றும் கண்டார். இரண்டே ஆண்டில் வின்சென்ஸ் செர்னி, கட்டி அகற்றிய மார்பகத்தை அதே பெண்ணின் உடலில் இருந்த ஒரு கொழுப்புக்கட்டியைக் கொண்டு நிரப்பினார். 1950-களில் லிண்டன் பியர் ஆராய்ந்தபோது, ஒட்டியதில் ஏறக்குறைய பாதி ஓராண்டில் கரைந்துபோனது தெரிந்தது.

1970-களில் இத்தாலியின் ஃபிஷர்களும் பிரான்சின் இல்லூஸும் கொழுப்பை உறிஞ்சும் லைப்போசக்‌ஷனை வளர்த்ததும் கொழுப்பு தாராளமாகக் கிடைத்தது. அதை மார்பகத்தில் ஏற்றியதும் எதிர்ப்பு எழுந்தது. இறந்த கொழுப்பில் படியும் சுண்ணாம்புப் புள்ளிகள் மேமோகிராமில் புற்றுநோயை மறைத்துவிடும் என்ற அச்சத்தில், அமெரிக்கப் பிளாஸ்டிக் அறுவை மருத்துவர் சங்கம் 1987-இல் இம்முறையைக் கண்டித்தது. அச்சம் நியாயமானது. ஆனால் அந்தக் கண்டனம் மார்பகத்தைப் பெரிதாக்கும் ஊசியை நோக்கியது. அதன் நிழல் பிறவிக் குறையுள்ளோர் மேலும் பல ஆண்டுகள் விழுந்தது. அவர்களுக்கு எஞ்சியவை சிலிக்கோன் பையும் முதுகுத் தசை மாற்றமும். தோல் மெலிந்த இடத்தில் பையின் விளிம்பு புடைத்துத் தெரியும்; காறை எலும்பின் கீழுள்ள குழியை அது நிரப்பாது. தசை மாற்றமோ முதுகில் நீண்ட தழும்பை விடும்.

திருப்பம் நுணுக்கத்தில் வந்தது. ஒட்டிய கொழுப்புக்குப் புது இரத்தக் குழாய் முளைக்கும்வரை சுற்றியுள்ள திசுவிலிருந்து கசியும் ஊட்டமே உயிர். எனவே திரளாகக் கொட்டினால் நடுப்பகுதி செத்துவிடும். நியூயார்க்கின் சிட்னி கோல்மன், கொழுப்பைச் சுழற்றித் தூய்மையாக்கி, மெல்லிய குழல் வழியே இழை இழையாகப் பல அடுக்குகளில் இடும் முறையை நிலைநாட்டினார். பிரான்சின் லியோன் நகரில் இமானுவேல் டிலே 1998 முதல் இதை மார்பகச் சீரமைப்பில் முறையாகக் கையாண்டார். ஏறத்தாழ 30 விழுக்காடு கரையும் என்பதால், 100 மில்லி நிலைக்க வேண்டிய இடத்தில் 140 மில்லி ஏற்ற வேண்டும் என்பது அவரது கணக்கு. கிழங்கு வடிவ மார்பகத்தில் முதலில் நார்வளையத்தை ஊசியால் பல இடங்களில் அறுத்துத் தளர்த்துவர். 2009-இல் அமெரிக்கச் சங்கத்தின் குழுவும் தன் பழைய கண்டனத்தைத் தளர்த்தியது.

ஒரே அமர்வில் முடிவதில்லை. சில மாத இடைவெளியில் இரண்டு, மூன்று முறை தேவைப்படலாம். மிக மெலிந்த பெண்ணிடம் எடுக்கப் போதிய கொழுப்பு இருக்காது. எண்ணெய்க் கட்டிகள் தோன்றலாம்; அனுபவமுள்ள கதிரியல் மருத்துவர் அவற்றைப் பெரும்பாலும் புற்றுநோயிலிருந்து பிரித்தறிகிறார். ஒட்டிய கொழுப்பு உடல் எடையோடு கூடிக் குறையும் என்பதால், எடை நிலைத்த பிறகே சிகிச்சையைத் தொடங்குகின்றனர்.